பாறை கிடைத்தால் கடல் கிடைத்துவிடாது: தீவுத் தீர்ப்புகளைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

சட்டக் கல்லூரி மாணவர்களை மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயார் செய்வது என் வேலைகளில் ஒன்று. கடல் எல்லை வழக்கு வந்துவிட்டால் போதும், நாங்கள் படித்த காலத்தில் விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். தேதியை மாற்றிச் சொல்வது, நாட்டின் பெயரைக் குழப்புவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீர்ப்பில் இல்லாத கோட்டை வரைவது

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடந்த பெட்ரா பிராங்கா வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியர்கள் பூலாவ் பத்து பூத்தே என்பார்கள். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 137 மீட்டர் நீளத்துக்கு ஒரு கருங்கல் பாறை. அதன்மேல் 1851 முதல், அப்போது சிங்கப்பூரை ஆண்ட ஆங்கிலேயர் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். 2008 மே 23 அன்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 12-க்கு 4 என்ற வாக்கில் பாறை சிங்கப்பூருடையது என்றது. பக்கத்திலேயே இருக்கும் மிடில் ராக்ஸ் மலேசியாவுக்குப் போனது.

பயிற்சியின்போது ஒரு மாணவி, நன்றாகப் படிப்பவர்தான், வரைபடத்தில் பாறையைச் சுற்றி 12 கடல் மைலுக்கு, அதாவது ஒரு நாட்டின் பிராந்தியக் கடலுக்குச் சட்டம் தரும் உச்ச அளவுக்கு, ஒரு வட்டம் போட்டார். "இது சிங்கப்பூர் கடல், கோர்ட்டே சொல்லிடுச்சு சார்" என்றார். பாறையிலிருந்து வடக்கே மலேசியாவின் ஜொகூர் கரை 7.7 கடல் மைல். தெற்கே இந்தோனேசியாவின் பிந்தான் தீவு 7.6. வட்டம் இரண்டு நாட்டு நிலத்தின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் வரவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். திருத்திச் சொன்னேன், தலையாட்டினார். போட்டி நாளில் பதற்றத்தில் அதே வாக்கியம் வாயில் வந்துவிட்டது. நடுவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பத்தியில்?" அந்தச் சுற்று அத்தோடு போயிற்று.

வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன 2003 ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கேட்டது இவ்வளவுதான்: பெட்ரா பிராங்கா, மிடில் ராக்ஸ், சவுத் லெட்ஜ் ஆகியவை யாருக்குச் சொந்தம்? கோடு வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நீதிமன்றமும் வரையவில்லை. சவுத் லெட்ஜைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். அது தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு. மலேசியக் கரை, பெட்ரா பிராங்கா, மிடில் ராக்ஸ் மூன்றுக்கும் உரிய கடல் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. "எந்த நாட்டின் கடலில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு" என்று சொல்லிவிட்டு நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. அது யார் கடல் என்பதை இரு நாடுகளும்தான் பேசித் தீர்க்க வேண்டும். அதனால் தீர்ப்பைத் திறந்ததும் முதலில் ஒப்பந்தத்தில் உள்ள கேள்வியைப் படியுங்கள். யார் ஜெயித்தார்கள் என்பது அப்புறம்.

விளக்கு கட்டியவனுக்கே பாறை என்று நினைப்பது

விளக்கு கட்டியதை வைத்து நீதிமன்றம் உரிமையை முடிவு செய்யவில்லை. பாறை முதலில் ஜொகூர் சுல்தானகத்துடையது என்றே ஏற்றுக்கொண்டது. திருப்பம் 1953-இல் வந்தது: பாறைக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூர் அரசின் பொறுப்புச் செயலாளர் சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் சிங்கப்பூர் அங்கே கப்பல் விபத்துகளை விசாரித்தது, மலேசிய அதிகாரிகளையே அனுமதி வாங்கி வரவைத்தது, ராணுவத் தொலைத்தொடர்புக் கருவியும் வைத்தது. கோலாலம்பூர் எதிர்ப்புத் தெரிவிக்கவே இல்லை. 1979 வரைபடத்தில் பாறையைத் தன்னுடையதாகக் காட்டியபோது காலம் கடந்துவிட்டது. மிடில் ராக்ஸில் இப்படி எதுவும் நடக்காததால் பழைய உரிமை அப்படியே நின்றது.

பெரிதாக இருந்தால் தீவு என்று எண்ணுவது

தென்சீனக் கடலின் இட்டு அபாவுக்கு 1.4 கிலோமீட்டர் நீளம். ஓடுபாதை இருக்கிறது, கிணறு இருக்கிறது. ஆனாலும் அது சட்டப்படி வெறும் பாறை என்றது, சீனா மீது பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கின் 2016 தீர்ப்பு. 12 கடல் மைல் பிராந்தியக் கடல் உண்டு, 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கிடையாது. இன்னொரு பக்கம், கரீபியனில் கொலம்பியாவின் கித்தசுவேனோ திட்டில் உயர் ஓதத்தின்போது ஒரே ஒரு முனை சுமார் 70 சென்டிமீட்டர் வெளியே தெரியும். 2012-இல் அதற்கும் 12 கடல் மைல் கிடைத்தது.

2016 தீர்ப்பு தீவுகளைப் பங்கிட்டது என்பது

ஒரு தீவையும் யாருக்கும் கொடுக்கவில்லை. தீர்ப்பு சொன்னதும் நடுவர் மன்றம், சர்வதேச நீதிமன்றம் அல்ல.

"கச்சத்தீவுக்கும் ஒரு கேஸ் போடலாமே?"

எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா கொடுத்திருக்கும் பிரகடனத்திலேயே காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளுக்கு விலக்கு இருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. இரண்டு அரசுகளும் சம்மதித்துச் சேர்ந்து போனால் மட்டுமே வழி உண்டு.

மேல்முறையீடு

கிடையாது. முக்கியமான புது உண்மை கிடைத்தால் ஆறு மாதத்துக்குள், அதுவும் தீர்ப்பு வந்த பத்து ஆண்டுக்குள், மறுசீராய்வு கேட்கலாம். பெட்ரா பிராங்கா தீர்ப்புக்கு மலேசியா 2017 பிப்ரவரியில் கேட்டது. ஆட்சி மாறியதும், 2018 மே மாதக் கடைசியில், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பத்தாண்டுக் கெடுவும் அதே மாதம் 23-ஆம் தேதியோடு முடிந்திருந்தது.