ஃபிளாக்குக்குக் காசு கட்டும் முன் வால்யூமைப் பாருங்கள்

ஃபிளாக்கில் (எம்பி3 போல ஒலியில் கொஞ்சத்தைக் கழிக்காமல், எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வடிவம்) தபேலா தனியாகக் கேட்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது என்றெல்லாம் நானும் சில மாதங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், எம்பி3 கேட்ட செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அது சற்றுக் குறைவாக ஒலித்தது, அவ்வளவுதான். ஒரு டெசிபல் கூடினால் பெரும்பாலும் சத்தம் கூடியதாகத் தோன்றாது, பாட்டு தெளிவானதாகத் தோன்றும்.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? ஒரு ஃபிளாக் கோப்பை எடுத்து நீங்களே 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட், கூடினால் தரமும் கூடும்) எம்பி3 ஆக மாற்றுங்கள். வேறெங்கோ இறக்கிய எம்பி3 வேண்டாம், அது வேறு மாஸ்டரிலிருந்து, அதாவது ஸ்டுடியோவில் வேறு விதமாக இறுதி செய்த பதிவிலிருந்து, வந்திருக்கலாம். ஈக்வலைசர், டால்பி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளைப் போட்டு அதற்கான ஏபிஎக்ஸ் இணைப்பையும் சேர்த்துக்கொண்டால், எது எந்தக் கோப்பு என்பதை மறைத்து ஒலிக்கவிட்டு உங்களையே கண்டுபிடிக்கச் சொல்லும். 16 முறையில் 12 சரியாக வந்தால் நம்பலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. எனக்கு 9 வந்தது! எம்பி3-ஐ 128 கேபிபிஎஸுக்கு இறக்கியபோதுதான் சிம்பலும் கைதட்டலும் குழைந்து போனது தெரிந்தது.

சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்ததாகச் சொல்லும் ஹை-ரெஸ் கோப்புகள் பற்றிக் கேட்பீர்கள். சிடி விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது, அந்த 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியைத் தாங்கும், இளம் காதுக்கே எல்லை சுமார் 20 தான்.

காசை விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள். இயர்பட்ஸின் ரப்பர் முனை சரியாக அடைக்கவில்லை என்றால் பேஸ் அப்படியே ஒழுகிப் போய்விடும். பெட்டியில் வந்த மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. ஸ்பீக்கர் என்றால் மூலையில் திணிக்காதீர்கள், பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்க, ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் இருந்தால் போதும். புளூடூத்தில் ஃபிளாக் போட்டாலும் பெரும்பாலும் வழியில் மறுபடி தரம் குறையச் சுருக்கப்படும், உயர்தரப் புளூடூத் முறையான எல்டிஏசியே அதிகபட்சம் 990 கேபிபிஎஸ், சிடியோ 1,411. பாட்டு திடீரென்று பழைய தொலைபேசி மாதிரி ஆனால், ஏதோ ஒரு மீட்டிங் செயலி ஹெட்செட்டின் மைக்கைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாஸ்டரே கெட்டிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்', மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் வித்தியாசமே இல்லாதபடி அவ்வளவு சத்தமாக நசுக்கப்பட்டிருந்தது, 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் மேல் என்று ரசிகர்களே சொன்னார்கள். அதை ஃபிளாக்கில் கேட்டால் அந்த நசுக்கலையும் ஒரு பிட் குறையாமல் கேட்கலாம்.

இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸ் காணாமல் போவது கருவியின் கோளாறு இல்லை, குறைந்த சத்தத்தில் காது அப்படித்தான். அப்போது மட்டும் ஈக்வலைசரில் பேஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், காலையில் மறக்காமல் இறக்கிவிடுங்கள்.