பழைய தெருவில் புது வீடு: புதுச்சேரித் தமிழர் பகுதியில் ஸ்டுடியோ புராஜெக்ட் செய்யும் முறை

புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவர், வெள்ளை வளைவு என்று கட்டிடக்கலை மாணவரின் பென்சில் தானாக ஓடும். அது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பகுதியின் முகம். அங்கே தெருவை ஒட்டி நிற்பது பல இடங்களில் தோட்ட மதில். மேற்கே தமிழர் பகுதியில் வீடே தெருவை ஒட்டி நிற்கும். மரத்தூண் தாங்கும் ஓட்டுச் சரிவில் வழிப்போக்கருக்கான தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை, நிலைக்கதவு, ரேழி (நுழைவு நடை), முற்றம். இந்த வரிசையை விட்டுவிட்டு மனைக்குள் மட்டும் வரைந்த புராஜெக்ட் எந்த ஊரிலும் நிற்கும். ஆகவே முதலில் தெருவை வரையுங்கள். வைசியாள் தெருவில் ஒரு காலை முழுக்க நடந்துவிட்டுத் தொடங்கலாம். முகப்புகளைச் சீர்செய்த பணிக்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்ற தெரு அது.

16 வாரச் செமஸ்டரில் முதல் 3 வாரம் அளவெடுப்புக்கே வேண்டும். நான்கு பேர், 30 மீட்டர் டேப், லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். மனைக்கு இருபுறமும் ஐந்தைந்து வீடுகள், எதிர்வரிசை இரண்டையும் 1:100-இல் வரையுங்கள். உயரத்தைத் தார்ச்சாலையிலிருந்து அளக்காதீர்கள். சாலை போட்டுப் போட்டு மேடேறியிருக்கும், அதுவும் ஒரே சீராக இருக்காது. டியூபால் தெரு முழுக்க ஒரே மட்டத்தில் சாக்குக்கட்டிக் குறி வைத்து, அதிலிருந்து மேலும் கீழும் அளந்தால்தான் திண்ணைகளும் கார்னிஸ் (சுவர் உச்சியில் நீட்டிய பட்டை) கோடும் சரியாக விழும். அகலத்தை ஒரே ஓட்டத்தில் படியுங்கள். டேப்பின் முனை ஒரே இடத்தில் இருக்க, தூண், கதவு, ஜன்னல் விளிம்புகளை வரிசையாகக் குறிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால், ஒவ்வொன்றிலும் 5 மி.மீ பிழை ஒரே பக்கம் சாய்ந்தால் 20 அளவில் 10 செ.மீ போய்விடும். பழைய அறைகள் அச்சுச் சதுரமாக இருப்பதில்லை. மூலைவிட்டம் இரண்டையும் எடுங்கள்.

அதிகம் தவறுவது முற்றத்தில்தான். புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சம். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். 6 மீட்டர் உயரத் தெற்குச் சுவரின் நிழல் 4.2 மீட்டர் நீளும். வடக்கு-தெற்காக 3 மீட்டர் உள்ள முற்றமானால் தரையில் வெயிலே படாது. ஜூனில் சூரியன் சற்று வடக்கே சாய, முற்றத்தில் விழுவது வடக்குச் சுவரின் நிழல்; அதே உயரச் சுவருக்கு நண்பகலில் அது 1.2 மீட்டர்தான். இந்த இரண்டையும் வீட்டை வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் வரைந்த பிறகே மாடி உயரத்தை முடிவு செய்யுங்கள். முற்றத்தைக் கண்ணாடியால் மூடும் ஆசை வேண்டாம். மேலேற வேண்டிய சூடு உள்ளேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கணக்கு உண்டு. முற்றமும் அதில் வடியும் கூரையும் சேர்ந்து 60 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 100 மி.மீ மழையில் 6,000 லிட்டர் இறங்கும். முற்றத் தரையைச் சுற்று நடையைவிட 15 செ.மீ தாழ்த்தி, 100 மி.மீ குழாய் இரண்டு வையுங்கள். ஒன்று சருகால் அடைபட்டாலும் மற்றது இழுக்கும்.

பொதுச்சுவரின் மேல் புது கான்கிரீட் தளத்தை ஏற்றாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் அது, பாதி அண்டை வீட்டாருடையது. தனித்தூண் நிறுத்தி, அஸ்திவாரத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, பீமை மட்டும் நீட்டுங்கள். சுவரை ஒட்டித் தோண்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீளக் குழிகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டும்படி படத்திலேயே குறியுங்கள். பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சு கூடவே கூடாது. உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை என்று எழுதுங்கள்.

கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டால் தெருவில் பல் விழுந்த இடம்போல் தெரியும். முகப்பைப் பின்னுக்குத் தள்ளினாலும் அதே கதிதான். பழைய தூணையும் வளைவையும் நகலெடுக்க வேண்டியதில்லை. திண்ணை மட்டம், தாழ்வார ஆழம், கார்னிஸ் உயரம், திறப்புகளின் இடைவெளி ஆகிய நான்கும் பக்கத்து வீடுகளோடு பேசினால் ஸ்டீலிலும் கட்டலாம். திண்ணைக்குக் கிரில் போடாதீர்கள். உட்கார முடியாதது திண்ணை ஆகாது.

மாடலை 1:200-இல், உங்கள் வீட்டை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். அந்த அளவில் நிற்பவரின் கண்மட்டம் பலகையிலிருந்து 7.5 மி.மீ. போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா ஏறக்குறைய அவ்வளவு கீழே வரும். எடுத்த படத்தில் தாழ்வார வரிசை உங்கள் மனையில் அறுந்து தெரிந்தால் முகப்புப் படத்துக்குத் திரும்புங்கள். ஜூரிக்கு (இறுதி மதிப்பீட்டுக்கு) 3 வாரம் இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.