சூறைக்காற்று போன பிறகு: முதல் மணி நேரத்திலிருந்து ஒன்பதாம் நாள் வரை

சுமத்ரா பக்கமிருந்து கிளம்பும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்போ காலையிலோ சிங்கப்பூருக்குள் நுழையும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அதன் காலம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடித்து ஓய்ந்துவிடும். 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தீவின் மேற்கிலுள்ள தெங்காவில் காற்றின் வேகம் மணிக்கு 144.4 கிலோமீட்டரை எட்டியது. 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை அதே தெங்காவில் 83.2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மழை நேராக விழாது, சுவரில் படுக்கைவாட்டமாக அறையும். பல ஆண்டுகளாக ஒழுகாத ஜன்னல்கூட அன்று ஒழுகுவது அதனால்தான்.

தரையில் தெரியும் தண்ணீரை யாரும் துடைத்துவிடலாம். வீட்டைக் கெடுப்பது கண்ணில் படாத தண்ணீர்: தரைப் பலகைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், பூந்தொட்டித் தட்டில் நிற்பது. பூஞ்சணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள், கொசு பறக்க ஏழு நாள். வேலைகளை அந்தக் கணக்கில் செய்ய வேண்டும்.

முதல் மணி நேரம்

துடைப்பத்தைத் தேடும் முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். ஜன்னலுக்குக் கீழே உள்ள பிளக் நனைந்திருந்தால் தொடாதீர்கள். காய்ந்த கையோடு, காய்ந்த தரையில் நின்று, டிபி பெட்டியில் (வீட்டு மின்சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டி) அந்த இணைப்புக்கான சுவிட்சை இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணையுங்கள். பெட்டியே நனைந்திருந்தால் கிட்டே போக வேண்டாம், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் தானாக விழுந்திருந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அது விழும்படி செய்யப்பட்டது. திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது ஆபத்து. எல்லாச் சிறு சுவிட்சுகளையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை இறக்கியே வைத்துவிட்டு மின்பணியாளருக்குச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இருப்போர் கவனிக்க: 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி இருப்பது கட்டாயம்.

அடுத்து, துடைக்கும் முன் படம் எடுங்கள். தண்ணீர் நின்ற மட்டம், நனைந்த பொருள், ஜன்னல் ஓரம் எல்லாம் தெரியட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கான தீக் காப்புறுதி உங்கள் சோபாவுக்கோ தரைப் பலகைக்கோ ஈடு தராது. தனியாக வீட்டுப் பொருள் காப்புறுதி எடுத்திருந்தால் இந்தப் படங்கள்தான் பேசும்.

முதல் இரண்டு நாள்

தரையை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு விட்டுவிடக் கூடாது. லாமினேட் பலகையின் நடுப்பகுதி அழுத்திய மரத்தூள். இணைப்பு வழியாக ஈரம் இறங்கினால் ஓரம் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. வினைல் உப்பாது. ஆனால் அடியில் போன தண்ணீரை மேலே வரவிடாமல் மூடிக்கொள்வதால் வாடை ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். இரண்டிலும் வழி ஒன்றே: ஜன்னல் பக்கச் சுவரோரப் பட்டையைக் கழற்றி, முதல் இரண்டு மூன்று வரிசைப் பலகையைத் தூக்கி, அடியைக் காய விடுங்கள். ஒட்டிப் பதித்த வினைலாக இருந்தால் தரை வேலைக்காரரிடம் விடுவது நல்லது.

காயவைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மழை விட்டதும் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பார்கள். இங்கே மழைக்குப் பிந்தைய காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும், இரவு முழுதும் திறந்து வைத்தால் அந்த ஈரம் உள்ளே வரும். மின்விசிறி காற்றைச் சுழற்றும், அறையிலுள்ள ஈரத்தை எடுக்காது. ஜன்னலை மூடி, ஏர்கானை ‘டிரை’யில் வைத்து, விசிறியைத் தரையோடு ஒட்டி வீச விடுங்கள். வெயில் நன்றாக ஏறிய நடுப்பகலில் மட்டும் திறந்தால் போதும்.

பலகைக்கு அடியிலுள்ள சிமெண்ட் காய்ந்ததா என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். 45 செ.மீ. சதுரமான கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ பலகையைத் திரும்பப் பதிக்கக் கூடாது.

மெத்தையின் மேல்துணி மட்டும் நனைந்திருந்தால் நிமிர்த்தி வைத்து இருபுறமும் விசிறி விடலாம். பஞ்சுவரை ஊறி, இரண்டு நாளில் காயாவிட்டால் வைத்திருக்காதீர்கள், அதுவும் ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில். நகர மன்றத்துக்குச் சொன்னால் பெரிய சாமான்களை எடுத்துச் செல்வார்கள்.

சுவரில் பெயிண்ட் கொப்புளித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்க்க வேண்டும், கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் போகும். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் மேலே பூசும் பெயிண்ட் அடுத்த மழைக்கு உரிந்துவிடும்.

ஜன்னல்

தள்ளு ஜன்னலின் கீழ்த்தடத்தில் வெளிப்பக்கமாகச் சிறு வடிதுளைகள் இருக்கும். தூசியும் முடியும் அவற்றை அடைத்துக்கொள்ளும்போது தடம் நிரம்பி உள்பக்கம் வழிகிறது. பழைய பல்துலக்கியால் தடத்தைத் தேய்த்து, சாத்தே குச்சியால் துளையைக் குத்திவிடுங்கள். பிறகு அரை குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வடிய வேண்டும். ஜன்னல் சரியாக ஓடுகிறதா, அது தடத்தைவிட்டு வெளியேறாமல் நிறுத்தும் தடுப்பான்கள் தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கசிந்தால் சிலிக்கோன் பழுதாகியிருக்கலாம். பழையதன்மேல் புதியதைப் பூசினால் ஒட்டாது. முழுதும் வெட்டியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூசி, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். உள்பக்க வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்தாவது மாடி ஜன்னலிலிருந்து வெளியே எட்டிப் பூசுவது உயிரோடு விளையாடுவது, அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகையாளரைக் கூப்பிடுங்கள்.

கதவுபோல் வெளியே திறக்கும் ஜன்னலில் அலுமினிய ரிவெட் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்றுவது 2004 முதல் கட்டாயம். மாற்றாதவர்களுக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். காற்றில் ஆடிப்போன ஜன்னலை முதலில் பூட்டிவையுங்கள், கீழே ஆள் நடக்கிறார்கள்.

செடிகளும் ஏழாம் நாளும்

கறிவேப்பிலை, துளசித் தொட்டிகள் தண்ணீரில் ஊறினால் வேருக்குக் காற்று போகாது. இலை தொங்கும். தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் செடி அழுகிவிடும். தொட்டியைச் சாய்த்து ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் நிற்கும் நீர் வடியும். முறிந்த கிளையைக் கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்டுங்கள். உரம் இப்போதைக்கு வேண்டாம். தாழ்வாரத்தில் திரும்ப அடுக்கும்போது 1.2 மீட்டர் வழி விடுங்கள், மதில்மேல் எதையும் வைக்காதீர்கள்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு நாள் போதும். முட்டை நீர்விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தட்டில் நிற்பதைக் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்க்க வேண்டும். இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள். வாளிகளைக் கவிழுங்கள். துணிக்கழி மாட்டும் குழாயை மறக்காதீர்கள், அதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை.

ஒன்பதாம் நாள்

மழை ஓய்ந்த அன்றிரவே கால்வாயோரம் தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். வறட்சிக்குப் பிறகு வந்த மழை என்றால் அங்சானா மரங்கள் பூத்து, மறுநாள் நடைபாதையெங்கும் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும்.

புறா ஆர்க்கிட் மட்டும் இன்னும் காத்திருக்கும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் தானாக வளரும் செடி அது. புயல்மழை கொண்டுவரும் திடீர்க் குளிர்ச்சிதான் அதன் மொட்டுகளை எழுப்புகிறது. சுமார் ஒன்பது நாள் கழித்து அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும், நல்ல மணமும் உண்டு. வீட்டில் வளர்க்க நர்சரியில் வாங்கி, மரப்பட்டையில் தேங்காய் நாரோடு கட்டி, வெளிச்சமும் மழைக்காற்றும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஏர்கான் அறைக்குள் வைத்தால் அந்தத் திடீர்க் குளிர்ச்சி அதற்குத் தெரியாது.

புயல் அடித்த தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒன்பது நாள் எண்ணி வையுங்கள். பூ ஒரு நாள்தான் இருக்கும். மாலைக்குள் வாடிவிடும் என்பதால், வேலைக்குக் கிளம்பும்போதே புளோக்குக்குக் கீழே உள்ள மரங்களை அண்ணாந்து பாருங்கள்.