எல்லைக்கு அப்பாலிருந்து கலவரச் செய்தி வந்தால்

மியான்மரின் ரங்கூன் (யாங்கோன்) நகரில், காளியம்மன் கோயில் வட்டாரத்தில் தமிழ் இந்துவும் தமிழ் முஸ்லிமும் அடுத்தடுத்துக் கடை நடத்துகிறோம் என்பதால், கைப்பேசிக்கு ஒரு கலவரப் படம் வந்தவுடன், அது எந்த ஊரில் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று முதலில் தேடுங்கள். தெரியாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். 2014 ஜூலையில் மியான்மரின் மண்டலை நகரில் இரண்டு உயிர்களைப் பறித்த கலவரம், இணையத்தில் பரவிய ஒரு பொய்ப் புகாரில்தான் தொடங்கியது.

அடுத்து, செய்தி எந்த வழியாக எல்லை தாண்டுகிறது என்று கவனியுங்கள். 2012 ஜூனில் மியான்மரின் மேற்கு மாநிலமான ரக்கைனில் பௌத்தர்களுக்கும் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கும் மோதல் மூண்டது. அதே ஆண்டு செப்டம்பரில், வங்கதேசத்தின் ராமுவில், ஃபேஸ்புக் படம் ஒன்றைச் சாக்காக வைத்துப் கலவரக் கும்பல்கள் பௌத்த விகாரைகளைக் கொளுத்தின. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதியில் தஞ்சம் புகுந்தபோது, காடுகள் அழிந்தன, கூலி குறைந்தது, உள்ளூர் ஏழைகளின் மனக்கசப்பும் வளர்ந்தது. அந்தக் கசப்பை அகதிகளின் குற்றமாகப் பேசுவது பெரும் அநியாயம். அவர்களை விரட்டிய மியான்மர் ராணுவத்திடமிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

பதற்றம் வருவதற்கு முன்பே, கோயில் நிர்வாகிகளும் பள்ளிவாசல் பெரியவர்களும் தொலைபேசி எண்களைப் பகிர்ந்து, வதந்தி வந்தால் யார் யாரை அழைப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.