ஆபரேஷனுக்குப் பிறகு முதியவரைக் கட்டிலிலேயே வைத்திருக்கும் தவறு

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவரைப் பார்க்க வருபவர்கள், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரானாலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையானாலும், ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிளையும் வைத்துவிட்டுச் சொல்வது "எழுந்திருக்காதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பதுதான். தையல் பிரித்துக் காயம் ஆறிய பிறகும் பால் கணக்கு தடுமாறுகிறது, பேரனின் பெயர் மாறி வருகிறது, மாத்திரை போட்டோமா இல்லையா என்பது மறந்துபோகிறது என்று அதே வீட்டார் பிறகு வருந்தும்போது, நாள் முழுவதும் கட்டிலில் கிடந்ததற்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

பழி மயக்க ஊசியின் மேல் விழுகிறது. அதுவே முதல் தவறு. இதய அறுவை தவிர்த்த பெரிய அறுவை சிகிச்சைகளைச் செய்துகொண்ட முதியவர்களிடம் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கு ஒரு வாரம் கழித்தும், ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு மூன்று மாதம் கழித்தும் நினைவிலும் கவனத்திலும் சரிவு தெரிந்தது. ஆனால் இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவையில் முழு மயக்கத்தையும், முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதையும் ஒப்பிட்டு அண்மைக் காலத்தில் வெளிவந்த பெரிய ஆய்வுகளில், அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பத்தின் (திடீரென்று கவனமும் நினைவும் தடுமாறும் டெலிரியம் என்ற நிலை) அளவு பெரிதாக வேறுபடவில்லை. அறுவையால் உடலில் எழும் அழற்சி, வலி, கெட்டுப்போன தூக்கம், சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, ஏன், நான்கு நாள் மலச்சிக்கல்கூட முதியவரின் மூளையைக் குழப்பப் போதுமானவை. இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால், "மயக்க மருந்து இறங்கினால் தெளிந்துவிடும்" என்று காத்திருப்பது நாட்களை வீணாக்குவதாகும்.

படுக்கை ஓய்வின் கேடு நாம் நினைப்பதைவிட விரைவாக வருகிறது. நலமான முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த, 2007-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. கால் தளர்ந்தவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வருகிறது. அச்சம் அவரை மேலும் படுக்க வைக்கிறது. பகலில் தூங்கி இரவில் விழித்துக் கிடப்பவருக்கு நேரமும் கிழமையும் நழுவுகின்றன. இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களைக்கூடப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ மருத்துவமனையிலேயே நிற்க வைப்பது இதனால்தான். அங்கே நடந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்து, வாக்கரைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பது பெருந்தவறு.

நடமாட்டம் என்றவுடன் உடற்பயிற்சியை நினைப்பதும் பிசகுதான். கழிவறைக்குத் தாமே சென்று வருவது, சாப்பாட்டைக் கட்டிலில் வாங்காமல் நாற்காலியில் அமர்ந்து உண்பது, காலையில் திண்ணைக்கோ வாசலுக்கோ வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுவது, முருங்கைக்கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, பூ தொடுப்பது ஆகிய எல்லாமே நடமாட்டம்தான். கையும் கண்ணும் கவனமும் இவற்றில் ஒன்றாக வேலை செய்கின்றன. "உனக்கு எதற்கம்மா இந்த வேலை?" என்று முறத்தைப் பிடுங்கிக்கொள்ளும் மகளும் மருமகளும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. ஆர்வ மிகுதியால் இரண்டாம் வாரமே கடலூர் சில்வர் பீச் மணலில் நடக்க அழைத்துச் செல்கிறார்கள். புதிதாக மூட்டு மாற்றியவருக்குக் கால் புதையும் மணல் ஆபத்தானது. மாலையில் வண்டிகள் ஓடத் தடை விதிக்கப்படும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை போன்ற சமதரை நல்லது. அதுவும் வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்கத் தொடங்கிய பிறகே. கத்திரி வெயிலில் நடப்பதும் போதிய நீர் அருந்தாமல் நடப்பதும் குழப்பத்தைக் கூட்டும். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்தவர் கையை ஊன்றி எழுவதற்கும், இடுப்பு மூட்டு மாற்றியவர் தரையில் சம்மணமிடுவதற்கும் மருத்துவர் விதித்த கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் முந்தியவை.

மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் "தொலைந்துவிடும்" என்று பீரோவில் பூட்டி வைப்பது சிறிய தவறாகத் தோன்றும். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பொது மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்ட 70 வயதைக் கடந்த நோயாளிகளுக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீர், தூக்கம், நடை, பேச்சு ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டபோது, மனக்குழப்பம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. அவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர் என்றாலும், இதே வழிமுறை பின்னர் அறுவைப் பிரிவுகளிலும் பின்பற்றப்படுகிறது.

தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே தூக்க மாத்திரையோ, மயக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரையோ வாங்கிக் கொடுக்கக் கூடாது. முதியவர்களுக்கு இவ்விரண்டுமே குழப்பத்தை உண்டாக்குபவை.

கத்திக் கலாட்டா செய்கிறவரை வீடே கவனிக்கிறது. சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடப்பவரை "பாவம், சாதுவாக இருக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். குழப்பத்தின் அடங்கிய வகை அதுதான். முதியவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவதும் அதுவே. திடீரென்று வந்த குழப்பம் எதுவாயினும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியது. அதனுடன் வாய் கோணுதலோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் கை கால் தளர்தலோ சேர்ந்தால் 108-ஐ உடனே அழைக்க வேண்டும்.

நாளும் தேறுகிறாரா என்று பார்க்க "நான் யார் சொல்லு, இன்றைக்கு என்ன தேதி?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அவரை வெட்கப்படுத்துமேயன்றிப் பயன் தராது. ஆபரேஷனுக்கு முன்பு அவர் தாமே செய்துவந்த வேலைகளை ஒரு தாளில் எழுதி வைத்து, கரண்ட் பில் கட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மாத்திரையை நேரம் பார்த்து எடுப்பது ஆகியவற்றில் எது எந்த வாரம் திரும்பி வந்தது என்று குறித்து வரலாம். மூன்று மாதம் கழிந்தும் அந்தத் தாளில் பாதி காலியாக இருந்தால், நினைவாற்றல் பரிசோதனைக்குச் செல்லும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.