கிரயப் பத்திரத்தில் பிழையா? பதற்றத்தில் இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

வீடு வாங்கி, பால் காய்ச்சி, குடி போன பிறகுதான் நிறையப் பேர் பத்திரத்தை முழுசாகப் படிக்கிறார்கள். அதுவும் பேங்கிலோ தாலுகா ஆபீஸிலோ யாராவது "சர்வே நம்பர் ஒத்து வரலீங்களே" என்று சொன்ன பிறகு. பிழையைச் சரி செய்துவிடலாம், ஆனால் அந்தப் பதற்றத்தில் செய்கிற வேலைகள்தான் பெரிய தலைவலியாகிவிடுகின்றன.

முதல் விஷயம், பதிவான பத்திரத்தில் பேனா வைக்காதீர்கள். ஒரே ஒரு எழுத்துதானே என்று அடித்து எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் நகலும் உங்கள் கையில் இருப்பதும் வேறுவேறாகி, பத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஓடுவது அடுத்த தவறு. பத்திரம் சரியாக இருந்து வில்லங்கச் சான்றில் (அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) மட்டும் நம்பர் மாறியிருந்தால் அது பதிவு அலுவலகத்தில் ஏற்றும்போது வந்த பிழை, அங்கேயே மனு கொடுங்கள், புதுப் பத்திரம் தேவையில்லை. பட்டாவில் மட்டும் தப்பு என்றால் தாலுகா ஆபீஸ். பத்திரத்திலேயே தப்பு என்றால்தான் பிழைத்திருத்தல் பத்திரம். அதற்கு முன்னால் தாய்ப் பத்திரத்தையும் (விற்றவருக்கு அந்த இடம் வந்த முந்தைய பத்திரம்) எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் தப்பு அங்கிருந்தே வந்திருந்தால் உங்கள் பத்திரத்தை மட்டும் திருத்திப் பிரயோஜனமில்லை, உங்களுக்கு விற்றவருக்கு அந்த இடம் எப்படி வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நம்ம கோவைப் பக்கம் அடிக்கடி தப்பாவது செக்குபந்திதான், அதாவது இடத்தின் நாலு பக்க எல்லை விவரம். "தென்வடல் 30 அடி ரோட்டுக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால் ரோடு உங்கள் இடத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று அர்த்தம். டைப் செய்பவர் இதை "மேற்கு: ரோடு" என்று மாற்றிப் போட்டால் வீடு திசை மாறி, வாசல் பக்கத்து சைட்டுக்குள் போய்விடும்! பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்திலேயே நின்று நாலு பக்கமும் பாருங்கள். அளவையும் கணக்குப் போடுங்கள், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஐந்தரை சென்ட் என்று எழுத்தில் போட்டுவிட்டு 2178 சதுர அடி என்று எண்ணில் இருந்தால் அது 5 சென்ட்தான். கோவை மாநகராட்சிக்குள் என்றால் பழைய எஸ்.எப். நம்பரோடு (பழைய நில அளவை எண்) டவுன் சர்வே நம்பரும் (நகர நில அளவை எண்) ஒத்துப் போகிறதா பாருங்கள்.

எல்லாவற்றையும் விட மோசமான தவறு தள்ளிப்போடுவது. பிழைத்திருத்தல் பத்திரத்தை வாங்கியவர் மட்டும் எழுதிக்கொள்ள முடியாது, விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "எப்ப வேணா வர்றனுங்க" என்று இன்றைக்குச் சொல்பவர் நாளைக்கு ஊரிலேயே இல்லாமல் போகலாம். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் கூட்டி வர வேண்டும், அதில் ஒருவர் முறுக்கிக்கொண்டால் போச்சு. பவர் ஏஜெண்டிடம் வாங்கியவர்கள் இன்னும் சீக்கிரம் முடியுங்கள், பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது. விற்றவர் வரவே மாட்டேன் என்றால் சிவில் கோர்ட்தான், 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 26ஆவது பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் இழுக்கும்.

செலவை மிச்சம் பிடிக்க, வாங்காத அரை சென்ட்டையும் "பிழை" என்று சேர்த்து எழுதச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெயர், இனிஷியல், கதவு எண் மாதிரியான பிழைக்குச் சொற்பச் செலவுதான். பரப்பு கூடினாலோ சொத்தே மாறினாலோ அதைப் புதுக் கிரயமாகப் பார்த்து 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கேட்க இடமிருக்கிறது.

திருத்தல் பத்திரத்தில் பழைய பத்திரத்தின் எண்ணும் வருடமும், எது தப்பு, எது சரி என்பதும் தெளிவாக இருக்கட்டும். பத்திர எழுத்தர் டைப் செய்ததைப் பதிவுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள், திருத்தத்திலேயே இன்னொரு பிழை வருவது சர்வ சாதாரணம். பதிவு முடிந்ததும் வில்லங்கம் போட்டு, இரண்டு பத்திரமும் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, லோன் இருந்தால் பேங்கில் சொல்லி, அப்புறம் பட்டாவுக்கு மனு கொடுங்கள்.