எல்லோஸ்டோனுக்கு ஆர்.வி.யில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு கோடையிலும் தெரிந்தவர்கள் யாராவது ஆர்.வி.யை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். திரும்பி வந்து சொல்வது எல்லாம் நான் எப்போதோ பட்ட பாடுதான். பைசன் பக்கத்தில் போகாதீர்கள், வெந்நீர் ஊற்றுகளில் மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பூங்காக்காரர்களே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கரண்ட் இருக்கும் என்ற நம்பிக்கை

பூங்காவுக்குள் 12 முகாம்கள் உண்டு. கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உள்ளது ஃபிஷிங் பிரிட்ஜில் மட்டும்தான். மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே என்ற மற்ற முகாம்கள் எதிலும் வண்டிக்கு கரண்ட் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே இது கண்ணெதிரே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஒரு நண்பர் குடும்பம் இண்டக்‌ஷன் அடுப்பு, எலெக்ட்ரிக் குக்கர் சகிதம் ஜூலையில் மேடிசனில் போய் இறங்கியது. "அதான் ஜெனரேட்டர் இருக்கே" என்றார் நண்பர். பூங்கா விதிப்படி அதை இரவு 8 மணிக்கு நிறுத்திவிட வேண்டும், மறுபடி காலை 8 மணிக்குத்தான் போடலாம். ஏழாயிரம் அடியை ஒட்டிய உயரம் அது. ஜூலையிலும் விடியற்காலைக் குளிர் உறைநிலை வரை இறங்கும். ஹீட்டரை 75 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுப் படுத்தார்கள். ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும், சூட்டைத் தள்ளும் ஃபேன் ஓடுவது பேட்டரியில். நடுநிசி தாண்டியதும் ஃபேன் முனகி நின்றது. அதே பேட்டரியை நம்பியிருக்கும் கேஸ் அலாரம் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. ஜெனரேட்டரைக் கிளப்பவும் அந்தப் பேட்டரிதான் வேண்டும். விடியும்வரை எல்லோரும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பணத்தில் பேட்டரிக்கான தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் தவிர்ப்பது அவ்வளவு சுலபம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். மாலையில் 8 மணிக்கு முன்னால் ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். ஃபிரிட்ஜை கேஸுக்கு மாற்றுங்கள். ஹீட்டரை 60-க்கு இறக்கி, ஆளுக்கொரு கம்பளி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு பிரஷர் குக்கர் கொண்டு போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக யுகமாகும்.

மதிய நேரத்தில் மிட்வே

பல வண்ணங்களில் தெரியும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றைப் பார்க்க எல்லோரும் வருவது மிட்வே என்ற இடத்தில் உள்ள இந்த ஒரு சின்ன பார்க்கிங்குக்கு. மதியம் ஆர்.வி.க்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அதிகாலையில் இடம் கிடைக்கும். ஆனால் குளிரில் நீராவி மூடிக்கொண்டு வண்ணமே தெரியாது. மாலை 5 மணிக்கு மேல் போங்கள்.

கண்ணாடியில் தெறித்த துளி

கீசர், அதாவது பீறிட்டுக் கிளம்பும் வெந்நீர் ஊற்று, அதன் தண்ணீரில் சிலிக்கா என்ற தாது இருக்கிறது. மூக்குக்கண்ணாடியிலோ கேமரா லென்ஸிலோ பட்டால் ஈரத்தோடேயே துடைத்துவிடுங்கள். காய்ந்தால் படிந்துவிடும், அப்புறம் சுரண்டினால் கீறல்தான்.

நாய்

வெந்நீர் ஊற்றுப் பாதைகளில் அனுமதி இல்லை.

ஓல்ட் ஃபெயித்ஃபுல் கீசர் பக்கத்திலேயே முகாம்

கிடையாது. மேடிசனிலிருந்து 16 மைல். பைசன் கூட்டம் ரோட்டில் நின்றுவிட்டால் அதுவே ஒரு மணி நேரம்.